அந்தமானில் காற்றழுத்தம்... கல்வராயன் மலையில் வெள்ளம்! கடலே இல்லாத கள்ளக்குறிச்சிக்கு கடல் செய்தி எதுக்கு?

கள்ளக்குறிச்சி:

"தெற்கு அந்தமான் கடல் பகுதியில் புதிய காற்றழுத்த தாழ்வு பகுதி உருவாகி உள்ளது. மீனவர்கள் கடலுக்கு செல்ல வேண்டாம்."

ஐப்பசி பிறந்து விட்டால் டி.வி.யில் அடிக்கடி ஓடும் செய்தி இது. கள்ளக்குறிச்சி டீக்கடைகளில் இதை பார்ப்பவர்கள், "அது எங்கேயோ அந்தமானு. நமக்கு என்ன வந்துச்சு?" என்று பேச்சை மாற்றி விடுவது வழக்கம்.

அவர்களை குறை சொல்லவும் முடியாது. மாவட்டத்தில் கடற்கரை கிடையாது. துறைமுகம் கிடையாது. கடலூருக்கு போய் அலையை பார்ப்பது என்றாலே ரோட்டில் சுமார் 100 கி.மீ. போக வேண்டும்.

ஆனால் 2024-ம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தை மணலூர்பேட்டை, திருக்கோவிலூர் ஆற்றங்கரை மக்கள் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டார்கள். எங்கேயோ நடுக்கடலில் உருவான 'பெஞ்சல்' புயல், கடலை விட்டு வந்த பிறகுதான் இந்த பக்கம் தன் வேலையை காட்டியது. தென்பெண்ணை ஆறு இரு கரையும் புரண்டு ஓடியது. ஊருக்குள் தண்ணீர் புகுந்தது.

அந்தமான் செய்தி என்பது மீனவர்களுக்கு மட்டும் சொல்லும் செய்தி அல்ல. சரியாக காதில் வாங்கினால் கள்ளக்குறிச்சி விவசாயிக்கும், கல்வராயன் மலைவாழ் மக்களுக்கும் அது 4 நாள் முன்கூட்டியே கிடைக்கும் தகவல்.

கப்பல் வேகத்தில் வரும் புயல்

சென்னையில் இருந்து அந்தமான் தலைநகர் போர்ட் பிளேர் (2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது) சுமார் 1,350 கி.மீ. தூரம். பயணிகள் கப்பலில் ஏறினால் போய்ச் சேர சுமார் 3 நாள் ஆகும்.

புயல் சின்னமும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் வருகிறது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நகர்ந்தால் அந்தமானில் இருந்து தமிழக கரைக்கு சுமார் 90 மணி நேரம். நடுவில் நின்று நிதானித்து வந்தால் 5 நாள், 6 நாள் கூட ஆகும்.

2016-ம் ஆண்டு டிசம்பர் மாதம் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அந்தமான் அருகே உருவான காற்றழுத்தத்தால் கடல் கொந்தளித்தது. தீவுகளுக்கு இடையே படகு போக்குவரத்து நின்றது. ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு சுற்றுலா போன 1,000-க்கும் மேற்பட்டவர்கள் திரும்ப முடியாமல் சிக்கித் தவித்தனர். மீட்புக்கு கடற்படை கப்பல்கள் அனுப்பப்பட்டன. இங்கே அதை வேறு ஊர் செய்தியாகத்தான் எல்லோரும் பார்த்தார்கள். சில நாள்தான். டிசம்பர் 12-ந்தேதி அதே சின்னம் 'வார்தா' புயலாக வந்து சென்னையை புரட்டிப் போட்டது.

2018-ல் 'கஜா'வும் அப்படித்தான். நவம்பர் 10-ந்தேதி அந்தமான் பக்கம் தாழ்வு மண்டலமாக இருந்தது, 16-ந்தேதி அதிகாலை நாகை - வேதாரண்யம் இடையே கரையை கடந்து டெல்டாவில் தென்னந்தோப்புகளை சாய்த்தது. 2022-ல் 'மாண்டஸ்' டிசம்பர் 5-ந்தேதி தெற்கு அந்தமான் கடலில் தொடங்கி 9-ந்தேதி இரவு மாமல்லபுரம் வந்து சேர்ந்தது.

ஆக, அங்கே படகு நின்றது என்ற செய்திக்கும், இங்கே மழை வெளுத்து வாங்குவதற்கும் நடுவில் 4 முதல் 6 நாள் இடைவெளி இருக்கிறது.

எல்லாமே இங்கே வருமா?

வராது. அதையும் தெரிந்து கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு செய்திக்கும் பீதிதான் மிஞ்சும்.

வைகாசி மாதத்தில் அந்தமான் பக்கம் உருவாகும் சின்னங்கள் பெரும்பாலும் வடக்கே போய் விடும். 2023-ம் ஆண்டு மே மாதம் உருவான 'மோக்கா' மியான்மரை தாக்கியது. தமிழ்நாட்டுக்கு அதனால் ஆபத்து இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் காற்று கிழக்கே இருந்து மேற்கே வீசுகிறது. அதனால் சின்னமும் மேற்கே தள்ளப்பட்டு தமிழ்நாடு, ஆந்திரா பக்கம் வருகிறது.

அப்படி வருவதிலும் சில புயல்கள் நடுவழியில் சோர்ந்து விடும். 2013-ல் 'லெஹர்' அந்தமான் தீவுகளை கடந்து அதிதீவிர புயலாக சீறியது. ஆந்திராவில் மசூலிப்பட்டினம் அருகே கரை சேரும்போது வெறும் தாழ்வு மண்டலமாக சுருங்கிப் போனது.

2025-ம் ஆண்டு நவம்பர் கடைசியில் ஒரே வாரத்தில் 2 புயல்கள். மலாக்கா ஜலசந்தியில் உருவான 'சென்யார்' இந்த பக்கம் வருமோ என்று பேசப்பட்டது. அது திரும்பி சுமத்ராவை தாக்கியது. அடுத்து வந்த 'டிட்வா' இலங்கையை சின்னாபின்னமாக்கியது. அங்கே 600-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். பிறகு தமிழக கடலோரமாகவே ஊர்ந்து சென்னை அருகே வலுவிழந்தது.

இதனால்தான் முதல் நாள் செய்தியோடு விட்டு விடாமல் தினமும் தொடர்ந்து கவனிக்க வேண்டி இருக்கிறது.

தீவில் எப்படி பார்க்கிறார்கள்?

அந்தமான் நிகோபார் என்பது பெரிதும் சிறிதுமாக 800-க்கும் மேற்பட்ட தீவுகள் வரிசையாக கிடக்கும் பகுதி. மக்கள் வசிப்பது அதில் சில டஜன் தீவுகளில் மட்டும்தான். அரிசி, பருப்பில் இருந்து சிமெண்டு வரை கப்பலில் வர வேண்டும். ஆஸ்பத்திரிக்கு போவது என்றால் கூட பலருக்கு படகுதான்.

அதனால் அங்கே வானிலை அறிக்கையை யாரும் சும்மா கேட்பது இல்லை. காற்று எந்த பக்கம், மணிக்கு எத்தனை கி.மீ. வேகம், அலை எத்தனை மீட்டர் உயரம் என்று ஒவ்வொன்றாக கேட்கிறார்கள். 'கடல் சீற்றம்' என்று அறிவித்தால் அன்றைக்கே படகு கரைக்கு இழுக்கப்படும். மறுநாள் பயணம் ரத்து. அங்கே தமிழ் குடும்பங்களும் நிறைய இருக்கின்றன. அவர்களுக்கும் இதெல்லாம் பழக்கப்பட்ட விஷயம்.

தீவுக்காரர்கள் முதல் அறிவிப்பிலேயே உஷாராகி விடுகிறார்கள். உள் மாவட்டங்களிலோ, "புயல் கரையை கடக்கட்டும், பார்த்துக்கலாம்" என்று இருந்து விடுகிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

கரையை கடந்தால் முடிந்ததா?

பெஞ்சல் புயல் முதலில் இருந்தே எல்லோரையும் குழப்பியது. 2024 நவம்பர் கடைசி வாரத்தில் ஆழ்ந்த காற்றழுத்த தாழ்வு மண்டலமாக கடலில் நின்று நின்று நகர்ந்தது. புயலாக மாறும் என்றார்கள், மாறவில்லை. புயலாகாமலே கரையை கடக்கலாம் என்றும் ஒரு கட்டத்தில் கூறப்பட்டது. "இதுவும் புஸ்வாணம்தான்" என்று ஊரில் கேலி பேச்சு கூட கிளம்பியது. 29-ந்தேதி பிற்பகலில் திடீரென புயலானது. 30-ந்தேதி இரவு புதுச்சேரி அருகே கரையை கடந்தது.

வழக்கமாக கரையை கடந்த புயல் வேகமாக நகர்ந்து போய் விடும். இது போகவில்லை. புதுச்சேரி பக்கத்திலேயே பல மணி நேரம் அசையாமல் நின்று கொட்டித் தீர்த்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது.

அடுத்து அது வலுவிழந்து மெதுவாக மேற்கு நோக்கி ஊர்ந்தது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று உள் மாவட்டங்கள் முழுவதும் விடாத மழை. கடற்கரையில் இருந்து சுமார் 150 கி.மீ. தள்ளி இருக்கும் ஊத்தங்கரையில் டிசம்பர் 2-ந்தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் 50 செ.மீ. மழை. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் உருண்டு வீட்டின் மேல் விழுந்து 7 பேர் பலியானார்கள்.

இதெல்லாம் புயல் 'வலுவிழந்து விட்டது' என்று அறிவித்த பிறகு நடந்தவை.

மக்கள் ஏமாறும் இடம் இதுதான். தாழ்வு பகுதி, தாழ்வு மண்டலம், புயல், தீவிர புயல் என்று பெயர் மாறுவது காற்றின் வேகத்தை வைத்து. மணிக்கு 31 கி.மீ. வேகத்தை தொட்டால் தாழ்வு மண்டலம், 62 கி.மீ. ஆனால் புயல். இந்த கணக்கில் மழைக்கு இடமே இல்லை. காற்று குறைந்தால் பெயர் சின்னதாகி விடும். அது சுமந்து வரும் தண்ணீர் குறைந்து விட்டது என்று அர்த்தம் இல்லை.

50 செ.மீ. மழை என்றால் ஒரு ஏக்கர் நிலத்தில் சுமார் 20 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. புயல் என்றாலும் தாழ்வு மண்டலம் என்றாலும், விழுந்த தண்ணீர் பள்ளத்தை தேடித்தான் ஓடும்.

வினாடிக்கு 400 தண்ணி லாரி!

ஊத்தங்கரை பக்கம் பெய்த மழை பாம்பாறு வழியாக தென்பெண்ணைக்கு வந்தது. அங்கிருந்து சாத்தனூர் அணைக்கு. 119 அடி உயரம் உள்ள அணை, கொள்ளளவு 7.3 டி.எம்.சி. வந்த தண்ணீரை பிடித்து வைக்க முடியவில்லை. டிசம்பர் 2-ந்தேதி அதிகாலையில் வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி தண்ணீர் திறந்து விடப்பட்டது.

இதை சாதாரண கணக்கில் சொன்னால், 12 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரிகள் 400 சேர்ந்து ஒவ்வொரு வினாடியும் ஆற்றில் கொட்டுவதற்கு சமம்.

அணை இருப்பது திருவண்ணாமலை மாவட்டம். அடுத்து தண்ணீர் நுழைவது கள்ளக்குறிச்சி மாவட்டம். மூங்கில்துறைப்பட்டு, மணலூர்பேட்டை, திருக்கோவிலூர் என்று வரிசையாக ஆற்றங்கரை ஊர்கள். அதற்கு கீழே விழுப்புரம் மாவட்டம் அரசூரில் தேசிய நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஓடி சென்னை - திருச்சி போக்குவரத்து நின்றது. கடைசியில் கடலூர்.

முன்னறிவிப்பு இல்லாமல் நள்ளிரவில் தண்ணீரை திறந்து விட்டார்கள் என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. 5 முறை எச்சரிக்கை விடப்பட்டது என்று அரசு தரப்பில் பதில் கூறப்பட்டது.

அரசியலை தள்ளி வைத்து பார்த்தாலும் ஒரு கேள்வி நிற்கிறது. எச்சரிக்கை விடுவது வேறு. அது ஆற்றங்கரை வீட்டில் தூங்கிக் கொண்டிருப்பவரின் காதுக்கு போய் சேருவது வேறு. "1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி" என்றால் தன் வீட்டு வாசல் படி வரைக்கும் வருமா, கூரை வரைக்கும் வருமா என்பது யாருக்கும் தெரியாது. "எம்.ஜி.ஆர். சிலை வரைக்கும் தண்ணி வரும், கிளம்புங்க" என்று ஊர் அடையாளம் சொல்லி தண்டோரா போட்டால் எல்லோருக்கும் புரியும்.

கோமுகி, மணிமுக்தா கதை என்ன?

தென்பெண்ணை வெளியூர் தண்ணீர். கல்வராயன் மலை தண்ணீர் சொந்த தண்ணீர். அது இன்னும் வேகமாக வரும்.

கிழக்கே கடலில் இருந்து வரும் ஈரக்காற்றுக்கு சமவெளியில் தடை எதுவும் இல்லை. கல்வராயன் மலையில் வந்து முட்டியதும் மேலே ஏறுகிறது. ஏற ஏற குளிர்ந்து மழையாக கொட்டுகிறது. சமவெளியில் தூறல் போடும் நேரத்தில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் அடைமழை பெய்வது இதனால்தான். கச்சிராயபாளையத்தில் வெயில் அடிக்கும்போதே ஆற்றில் செந்நிற தண்ணீர் திடீரென்று வருவதும் உண்டு. மலை மேல் பெரியார் நீர்வீழ்ச்சி, மேகம் நீர்வீழ்ச்சியில் குளிக்கப் போகிறவர்கள் உஷாராக இருக்க வேண்டியது இந்த நேரத்தில்தான்.

இந்த தண்ணீரை பிடிக்க இருப்பவை 2 சின்ன அணைகள். கோமுகி அணை 46 அடி, கொள்ளளவு 560 மில்லியன் கனஅடி. மணிமுக்தா அணை 36 அடி, 736 மில்லியன் கனஅடி. இரண்டையும் சேர்த்தாலும் சாத்தனூரில் ஐந்தில் ஒரு பங்கு கூட தேறாது.

வினாடிக்கு 10 ஆயிரம் கனஅடி வந்தால், காலியாக கிடக்கும் கோமுகி அணையே 16 மணி நேரத்துக்குள் நிறைந்து விடும். கார்த்திகையில் அணை காலியாகவா இருக்கும்? பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் சில மணி நேரம்தான். அதற்கு மேல் வருவது அப்படியே ஆற்றில்தான் போகும்.

அதனால் கடலில் சின்னம் தெரியும்போதே அணையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்து, முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக திறப்பது நல்லதா என்று யோசிக்க வேண்டி வருகிறது. இதில் சிக்கலும் உண்டு. திறந்து விட்ட பிறகு புயல் வேறு பக்கம் திரும்பினால், "பாசன தண்ணியை வீணடிச்சுட்டாங்க" என்று விவசாயிகள் கேட்பார்கள். திறக்காமல் விட்டு வெள்ளம் வந்தால், "ஏன் முன்னாடியே திறக்கலை?" என்ற கேள்வி வரும். அந்த 4 நாள் கணக்கு அதிகாரிகளுக்கும் சேர்த்துதான்.

கூண்டு துறைமுகத்துக்கு... மலைக்கு?

துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எச்சரிக்கை கூண்டு ஏற்றுகிறார்கள். 1-ம் எண் என்றால் தூரத்தில் புயல் சின்னம் இருக்கிறது என்று அர்த்தம். 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரிய அபாயம். 11 ஏறினால் தகவல் தொடர்பே அறுந்து விட்டது என்று பொருள். படிக்காத மீனவருக்கு கூட கூண்டை பார்த்தாலே புரியும்.

மலை கிராமத்துக்கு அப்படி ஒரு கூண்டு இல்லை. கலர் எச்சரிக்கை இருக்கிறது. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை கன மழை, அதற்கு மஞ்சள். 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை, அதற்கு ஆரஞ்சு. அதற்கும் மேலே அதி கனமழை, அதற்கு சிவப்பு. 'டி.என். அலர்ட்' செயலியில் தகவல் வருகிறது. மாவட்ட கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில கட்டுப்பாட்டு அறைக்கு 1070 என்று போன் நம்பர்களும் இருக்கின்றன.

ஆனால் செயலிக்கு செல்போன் வேண்டும். செல்போனுக்கு டவர் வேண்டும். டவருக்கு கரண்ட் வேண்டும். பெருமழை பெய்தால் முதலில் போவது கரண்ட்தான். பிறகு ஓடையில் தண்ணீர் ஏறி ரோடும் துண்டிக்கப்படும். கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதி குறைபாட்டை சென்னை ஐகோர்ட்டு 2024-ல் தானாக முன்வந்து வழக்காக எடுத்து விசாரித்தது. அதில் ரோடு பிரச்சினையும் அடக்கம். வெயில் நாளில் ரோடு இல்லாதது கஷ்டம். வெள்ள நாளில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு அது உயிர் பிரச்சினை.

4 நாள் கையில் இருந்தால்...

கடல் செய்தியை கேட்டு என்ன செய்வது என்பதுதான் முக்கியம்.

சின்னசேலம் பக்கம் அறுத்த மக்காச்சோளத்தை ரோட்டில் காய வைத்திருப்பவர் 4 நாளில் மூட்டை கட்டி உள்ளே சேர்த்து விடலாம். நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும், வியாபாரி பாதி விலைக்கு கேட்பார். மரவள்ளி போட்டவர் வயலில் வடிகால் வெட்டி விடலாம். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். ஆற்றோரம் ஆடு, மாடு கட்டியிருப்பவர் மேட்டுக்கு மாற்றலாம். ரேஷன் கார்டு, ஆதார், பட்டாவை பிளாஸ்டிக் கவரில் போட்டு கட்டி வைக்கலாம். மலையில் நிறைமாத கர்ப்பிணி இருந்தால் ரோடு துண்டிக்கும் முன்பே கீழே இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம்.

வந்த பிறகு கிடைக்கும் நிவாரணம் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். பெஞ்சலுக்கு பிறகு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு தலா ரூ.2 ஆயிரம் அறிவிக்கப்பட்டது. 33 சதவீதத்துக்கு மேல் பாதித்த பாசன பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.17 ஆயிரம். மானாவாரி பயிருக்கு ரூ.8,500. பசு, எருமைக்கு ரூ.37,500. ஆட்டுக்கு ரூ.4 ஆயிரம்.

ஹெக்டேர் கணக்கை ஏக்கர் கணக்காக மாற்றினால் பாசன பயிருக்கு ரூ.7 ஆயிரத்தை கூட தொடவில்லை. மலையில் மானாவாரிதான் அதிகம். அதற்கு ஏக்கருக்கு ரூ.3,500-க்கும் கீழே. விதை, உரம், உழவு கூலி, களை கூலி எல்லாம் போட்டவருக்கு இது எந்த மூலைக்கு? நிவாரணத்துக்கு மனு எழுதி வரிசையில் நிற்பதை விட, முன்கூட்டியே 10 மூட்டை சோளத்தை காப்பாற்றுவது மேல்.

அரசு தரப்பில் செய்ய வேண்டியதும் பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. அணை திறப்பு அறிவிப்பை கனஅடியில் மட்டும் சொல்லாமல் ஊர் அடையாளத்தோடு சொல்ல வேண்டும். ஆற்றங்கரை ஊர்களில் கோவில், பள்ளிவாசல், சர்ச் ஒலிபெருக்கிகளை பயன்படுத்த வேண்டும். மலை கிராமங்களுக்கு கரண்ட் போவதற்கு முன்பே ஆள் விட்டு தகவல் சொல்ல வேண்டும். 'கரையை கடந்தது' என்ற அறிவிப்போடு, "தண்ணீர் இனிமேல்தான் வரும்" என்பதையும் உள் மாவட்டங்களுக்கு சேர்த்து சொல்ல வேண்டும்.

அடுத்த ஐப்பசியிலும் அந்தமான் பக்கம் கடல் கொந்தளிக்கத்தான் போகிறது. அங்கே படகை கரைக்கு இழுத்து கட்டும் அதே நாளில் கள்ளக்குறிச்சியிலும் சோள மூட்டையை உள்ளே இழுத்து வைத்தால் நல்லது. புயல் வேறு பக்கம் போய் விட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. மூட்டையை திரும்ப வெளியே எடுத்து காய வைக்க ஒரு நாள் வேலை, அவ்வளவுதான்.